72 பேரின் மனுவிலிருந்து கோடிப் பேரின் மறுப்புவரை: இந்திய தேசிய இயக்கம் வளர்ந்த கதை

1885 டிசம்பர் 28ஆம் திகதி பம்பாயில் ஒரு சமஸ்கிருதக் கல்லூரி மண்டபத்தில் 72 பிரதிநிதிகள் கூடினார்கள். சட்டத்தரணிகள், பத்திரிகை ஆசிரியர்கள், வணிகர்கள். எல்லோரும் ஆங்கிலம் நன்றாகப் பேசக்கூடியவர்கள். இந்திய தேசிய காங்கிரஸ் அன்றுதான் பிறந்தது. முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சென்னையிலிருந்து போயிருந்த ஜி. சுப்பிரமணிய ஐயர். 'சுதேசமித்திரன்' பத்திரிகையைத் தொடங்கியவர் என்றால் தமிழ் வாசகர்களுக்குச் சட்டென்று தெரியும். வெள்ளையன் வெளியேறவேண்டும் என்று அந்த மண்டபத்தில் யாரும் கேட்கவில்லை. நிர்வாகத்தை விசாரிக்க ஓர் ஆணைக்குழு வேண்டும், சட்டசபையில் இந்தியருக்குக் கூடுதல் இடம் வேண்டும், சிவில் சேவைப் பரீட்சையை லண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்தவேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

அங்கிருந்து 45 ஆண்டுகள் தள்ளிப் பாருங்கள். 1930இல் உப்புக் காய்ச்சியதற்காகவும் துணிக்கடை வாசலில் மறியல் செய்ததற்காகவும் 60,000க்கு மேற்பட்டோர் சிறையில் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. பெண்கள் இருந்தார்கள், விவசாயிகள் இருந்தார்கள்.

72 பேரின் மண்டபத்துக்கும் இந்தச் சிறைகளுக்கும் இடையில் என்ன நடந்தது? 'மக்கள் கொதித்தெழுந்தார்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் ஒன்றும் விளங்காது. கோபம் 1885க்கு முன்னரும் இருந்தது. 1857இல் சிப்பாய்கள் கிளர்ந்தார்கள். அதற்கும் முன்னர் தென்னகத்தில் கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் தூக்கில் தொங்கினார்கள். இருந்த கோபம் இயக்கமாக மாறவேண்டுமானால், சாதாரண ஆள் தன் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒரு காரியம் அவர் கையில் கிடைக்கவேண்டும். இந்திய தேசிய இயக்கத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: மக்களை என்ன செய்யச் சொன்னார்கள்? யாரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள்? இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மிச்சக் கதை தானாக விளங்கும்.

முதலில் வந்தது கணக்கு

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. இலட்சக்கணக்கானோர் செத்தார்கள். அந்தப் பஞ்சத்துக்குத் தப்பிக் கடல் கடந்தவர்களில் பெரும் பங்கினர் வந்து சேர்ந்தது இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு. மலையகத்தில் எத்தனையோ குடும்பங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. பஞ்சம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1877 ஜனவரி 1ஆம் திகதி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க டில்லியில் பெரிய தர்பார் நடத்தினார் வைசிராய் லிட்டன். அதே காலத்தில் தானியம் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

இதைப் பார்த்துக் கவிதை பாடியவர்களும் உண்டு, கண்ணீர் விட்டவர்களும் உண்டு. தாதாபாய் நௌரோஜி கணக்குப் போட்டார். இந்தியரிடம் வாங்கும் வரியில் ஒரு பெரிய பகுதி இந்தியாவுக்குத் திரும்பி வராமல் இங்கிலாந்துக்குப் போய்விடுகிறது. ஓய்வுபெற்ற வெள்ளை அதிகாரிகளின் ஓய்வூதியம், லண்டனில் இந்திய விவகாரங்களுக்கென்று இயங்கும் அலுவலகத்தின் செலவு, இரயில் பாதை போட்ட கம்பனிகளுக்கு உத்தரவாதம் கொடுக்கப்பட்ட வட்டி, எல்லாவற்றையும் கட்டுவது இந்திய விவசாயி. இந்தக் கணக்கைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுதினார் நௌரோஜி. 1892இல் லண்டன் தொகுதி ஒன்றில் வென்று பிரித்தானிய நாடாளுமன்றத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்து பேசினார்.

இன்று இது எல்லோருக்கும் தெரிந்த செய்தியாகத் தோன்றும். அன்று அப்படியில்லை. மழை பொய்த்தது, தலையெழுத்து, முற்பிறப்புப் பாவம் என்று நினைத்திருந்த ஒரு துன்பத்துக்குப் பெயரும் முகவரியும் இருக்கிறது என்று அவர் காட்டினார். காங்கிரசின் ஆரம்பகாலத் தலைவர்களை மனு எழுதிகள் என்று இளக்காரமாகப் பேசுவது பிற்காலத்தில் வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை என்பதே என் எண்ணம். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் பின்னால் வந்த எந்தப் போராட்டத்துக்கும் காரணம் சொல்ல ஆளிருந்திருக்காது. ஆனால் ஒரு குறை உண்மையானது: கணக்கைப் படிக்கத் தெரியாதவருக்கு அவர்களிடம் வேலை எதுவும் இருக்கவில்லை.

கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த சுதேசிக் கப்பல்

1905இல் வைசிராய் கர்சன் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். மாகாணம் பெரிது, நிர்வாகம் கஷ்டம் என்பது சொன்ன காரணம். வங்காளிகளோ, தங்கள் ஒற்றுமையை உடைக்கும் திட்டம் என்று அதை எடுத்துக்கொண்டார்கள். மனு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், பலனில்லை. அப்போதுதான் புதிதாக ஒன்று தொடங்கியது. அந்நியத் துணியை வாங்காதே, உள்நாட்டுப் பொருளை வாங்கு. சுதேசி என்றார்கள். கடைக்குப் போகும் ஒவ்வொருவரும், சமையலறையில் இருக்கும் பெண் உட்பட, போராட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். மான்செஸ்டர் ஆலைத் துணியை வேண்டாம் என்று சொல்ல ஆங்கிலம் தெரியவேண்டியதில்லை.

சுதேசி என்றால் எங்கோ கல்கத்தாவில் நடந்த சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். அதன் மிகத் துணிச்சலான முயற்சி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் கடலில் நடந்தது.

அந்தக் காலத்தில் தூத்துக்குடி-கொழும்புக் கப்பல் போக்குவரத்தைப் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் கம்பனி தன் கைக்குள் வைத்திருந்தது. தோட்டத்துக்குப் போகும் தொழிலாளி, புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் வியாபாரி, செட்டியார் தெருவின் வட்டிக்கடைக்காரர், அவர்களுடைய சரக்கு மூட்டைகள் எல்லாம் அந்தக் கப்பல்களில்தான் வந்து போகவேண்டும். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த சட்டத்தரணி வ.உ. சிதம்பரம்பிள்ளை இதைப் பார்த்தார். 1906 ஒக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபா. அதை 40,000 பங்குகளாகப் பிரித்து, ஒரு பங்கு 25 ரூபா என்று வைத்தார்கள். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஒரு முஸ்லிம் வணிகர் மட்டும் 2 இலட்சம் ரூபாவுக்குப் பங்குகள் எடுத்தார்.

முதலில் கம்பனியிடம் சொந்தக் கப்பல் இருக்கவில்லை. வாடகைக்கு எடுத்த கப்பலையும் போட்டிக் கம்பனியின் நெருக்குதலால் உரிமையாளர்கள் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். வ.உ.சி. கொழும்புக்கே வந்து, இங்கே ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்துப் போக்குவரத்தை விடாமல் நடத்தினார். 1907இல் காலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் வந்தன. வெள்ளைக் கம்பனி கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது, சுதேசிக் கம்பனி எட்டணாவாக்கியது. கடைசியில் வெள்ளைக் கம்பனி சும்மாவே ஏற்றிப் போய்க் கையில் ஒரு குடையும் கொடுத்தது என்று வ.உ.சி.யின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர் அந்த எட்டணாவால் ஒரு கட்சியைத் தெரிவு செய்தார். வாக்குரிமை இல்லாத நாட்டில் அதுவும் ஒரு வாக்குத்தான்.

அரசாங்கம் சும்மா இருக்குமா? 1908 தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். தொழிலாளர் கேட்டதில் பெரும்பகுதியைப் பெற்றும்விட்டார்கள். மார்ச் 12ஆம் திகதி இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் மூடப்பட்டன, அரசு அலுவலகங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தாலும், கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் பூட்டி இழுக்கவைத்தார்கள். 1912 கடைசியில் வெளியே வந்தபோது கம்பனி கலைக்கப்பட்டிருந்தது. கப்பல்களில் ஒன்றைப் போட்டிக் கம்பனிக்கே விற்றிருந்தார்கள். அவரை வரவேற்க வந்தவர்கள் சிலர்தான்.

இந்தக் கதையைக் கொழும்பில் நாங்கள் போதிய அளவு சொல்வதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. எங்கள் துறைமுகம் அந்தப் போராட்டத்தின் ஒரு கரை.

பாடம் ஒன்று இதில் வெளிப்படையாக இருக்கிறது. ஒரு சில தலைவர்களைச் சிறையில் போட்டால் போதும், இயக்கம் படுத்துவிடும் என்று அரசாங்கம் கணக்குப் போட்டது. 1908இல் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. காங்கிரசின் தீவிரப் பிரிவுத் தலைவர் திலகரையும் அந்த ஆண்டுதான் பர்மாவின் மண்டலே சிறைக்கு அனுப்பினார்கள். காங்கிரசோ முந்தைய ஆண்டே சூரத்தில் மிதவாதிகள் என்றும், மனு போதாது, கடும் போராட்டம் வேண்டும் என்ற தீவிரவாதிகள் என்றும் உடைந்து போயிருந்தது. வங்கப் பிரிவினை 1911இல் இரத்தானது உண்மை, ஆனால் இயக்கம் சோர்ந்துவிட்டிருந்தது.

நாலணாச் சந்தா

பிறகு முதல் உலகப் போர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் கடல் கடந்து போய்ச் சண்டையிட்டார்கள். போர் முடிந்ததும் சுயாட்சி கிடைக்கும் என்று இந்தியாவில் நம்பியிருக்க, 1919இல் கிடைத்தது ரௌலட் சட்டம்: விசாரணையில்லாமல் ஆளைப் பிடித்து வைக்கலாம். அதற்கு எதிரான கொந்தளிப்பின் நடுவில் ஏப்ரல் 13ஆம் திகதி அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் கூடியிருந்த மக்கள்மீது ஜெனரல் டயர் சுடச் சொன்னார். அரசாங்கம் ஒப்புக்கொண்ட சாவு 379. அதைவிட மிக அதிகம் என்றே இந்தியர்கள் நம்பினார்கள்.

காந்தி தலைமைக்கு வந்தது இந்தக் கட்டத்தில். அவரைப் பற்றிப் பேசும்போது கதரையும் உண்ணாவிரதத்தையும் எல்லோரும் சொல்வார்கள். 1920 நாக்பூர் மாநாட்டில் மாறிய காங்கிரசின் அமைப்பு விதிகளைப் பற்றிக் குறைவாகவே பேசுவார்கள். அதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உறுப்பினராக வருடத்துக்கு நாலணா போதும் என்றாக்கினார்கள். மாகாணக் குழுக்களை அரசாங்கத்தின் எல்லைகளை விட்டு மொழிவாரியாகப் பிரித்தார்கள். சென்னை மாகாணத்தில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என நான்கும் கலந்திருந்தன; இப்போது தமிழுக்கென்று ஒரு குழு. கிராமத்தில் நடக்கும் கூட்டம் தமிழில் நடந்தது. தலைவர் சிறைக்குப் போனால் அடுத்த ஊரில் அடுத்த ஆள் இருந்தார். 1908இல் இல்லாதது இதுதான்.

ஒத்துழையாமை இயக்கத்தில் மாணவர் அரசுக் கல்லூரியை விட்டார்கள், சட்டத்தரணிகள் நீதிமன்றத்தை விட்டார்கள். 1922 பெப்ரவரியில் சௌரி சௌராவில் கூட்டம் ஒரு பொலிஸ் நிலையத்தைக் கொளுத்தி, உள்ளே இருந்த பொலிஸார் இறந்ததும் காந்தி முழு இயக்கத்தையும் நிறுத்தினார். அது சரியா என்று அன்று நேரு முதல் பலர் வருந்தினார்கள். இன்றும் வாதம் தீரவில்லை.

அக்கரையில் உப்பு

1930இல் காந்தி உப்பைத் தெரிவு செய்தபோது காங்கிரஸ்காரர் பலருக்கே புரியவில்லை. நாட்டின் விடுதலை எங்கே, உப்பு எங்கே? ஆனால் யோசித்துப் பாருங்கள். பணக்காரரும் ஏழையும் இந்துவும் முஸ்லிமும் உப்புத் தின்கிறார்கள். கடற்கரையில் இருப்பவன் வாசலில் விளையும் பொருளை அள்ளினால் குற்றம், வரி கட்டி வாங்கவேண்டும். இதைவிட எளிதாக அந்நிய ஆட்சியை யாருக்கும் விளக்க முடியாது. சட்டத்தை மீறுவதும் எளிது: குனிந்து ஒரு பிடி அள்ளினால் போதும்.

காந்தி தண்டிக் கடற்கரையில் ஏப்ரல் 6ஆம் திகதி உப்பு எடுத்தார். ஒரு வாரம் கழித்து ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடக்கத் தொடங்கினார். வேதாரணியக் கரைக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் நடுவில் இருப்பது பாக்கு நீரிணை மட்டுந்தான். தஞ்சாவூர்க் கலெக்டர் தோர்ன், நடப்பவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவருக்குச் சிறை என்று அறிவித்தார். ஊரார் நேரில் கொடுக்கவில்லை. சோற்றுப் பொட்டலங்களை வழியிலுள்ள மரக்கிளைகளில் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள். ஆற்றங்கரையில் புதைத்து அடையாளம் வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். வேதாரணியத்தில் ஒரு நாவிதர், தான் சவரம் செய்துகொண்டிருக்கும் ஆள் பொலிஸ்காரர் என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு நிறுத்திவிட்ட கதையை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. ஊர்வலத்தில் நடந்தவர்கள் சுமார் நூறு பேர்தான். மரத்தில் பொட்டலம் கட்டியவர்களைச் சேர்த்துக்கொண்டால்தான் இயக்கத்தின் உண்மையான அளவு தெரியும்.

கொழும்பில் என்ன நடந்தது?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ளவேண்டும். இலங்கை, பிரித்தானிய இந்தியாவின் பகுதியாக இருக்கவில்லை. 1802 முதல் தனி முடிக்குரிய குடியேற்றநாடு. ஆகவே இங்கே அரசியலும் தனி வழியில் போனது. ஆனால் காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. 1897 ஜனவரியில் விவேகானந்தர் மேற்கிலிருந்து திரும்பி முதலில் இறங்கியது கொழும்பில். திரும்பியபின் அவருடைய முதல் பொதுச் சொற்பொழிவும் இங்கேதான். 1927 நவம்பரில் காந்தி கதர் நிதி திரட்ட வந்து, கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் என்று சுற்றினார். யாழ்ப்பாணத்துக்கு அவரை அழைத்தவர்கள் மாணவர் காங்கிரஸ் இளைஞர்கள். பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் என்று அழைக்கப்பட்ட அவர்கள், முழுச் சுயராஜ்யம் தராத டொனமூர் அரசியல் சீர்திருத்தத் திட்டத்தை ஏற்க முடியாது என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தார்கள். இந்தியாவின் பாதிப்பு அவ்வளவு ஆழம்.

1919 டிசம்பரில் கொழும்பில் பிறந்த இலங்கைத் தேசிய காங்கிரசுக்கு முதல் தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்ற தமிழர். பெயரும் இந்தியாவைப் பார்த்து வைத்ததுதான். ஆனால் நாலணாச் சந்தா கட்டத்துக்கு அது போகவேயில்லை. மேல்மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் என்ற வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை என்று இரண்டே ஆண்டில் அருணாசலம் வெளியேறினார். எங்கள் இரண்டு கேள்விகளை இதற்கும் போட்டுப் பாருங்கள். பொதுமக்களுக்குச் செய்ய ஒன்றும் கொடுக்கவில்லை. யாரைச் சேர்ப்பது என்பதிலும் ஒரு ஆசனத்திலேயே உடைந்தது. மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கமும், தஞ்சையிலிருந்து வந்து மலையகத் தொழிலாளரைத் திரட்டிய கோ. நடேசய்யரும்தான்.

வரலாற்றில் ஒரு வினோதம்: 1931இலேயே இலங்கையர் ஆணும் பெண்ணும் வாக்களித்தார்கள். அவ்வளவு பெரிய இயக்கம் நடத்திய இந்தியாவில் எல்லோருக்கும் வாக்குரிமை சுதந்திரத்துக்குப் பிறகே வந்தது.

வெளியே நின்றவர்கள்

கடைசிக் கட்டம் வேகமானது. 1942 ஓகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு'. தலைவர்கள் எல்லோரும் ஒரே இரவில் கைது, ஆனாலும் நாடு முழுக்கத் தந்திக் கம்பிகளும் இரயில் பாதைகளும் அறுந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தப்பிய இலங்கையின் இடதுசாரிக் கட்சியான சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் இந்தியாவுக்கு ஓடி அந்தப் போராட்டத்தில் கலந்தார்கள். 1946 பெப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகளே கிளர்ந்தார்கள். போரில் பணமும் பலமும் கரைந்திருந்த பிரித்தானியாவுக்குச் சிப்பாயை நம்பி ஆளமுடியாது என்றானது. 1947 ஓகஸ்ட் 15.

ஆனால் யாரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள் என்ற இரண்டாவது கேள்வி பாக்கி. 1906இல் தோன்றிய முஸ்லிம் லீக், காங்கிரஸ் ஆட்சி தங்களுக்கு இந்து ஆட்சியாகிவிடும் என்று சொல்லி 1940இல் தனி நாடு கேட்டது. பிரிவினையில் இலட்சக்கணக்கானோர் இறந்தார்கள். தீண்டாமைக் கொடுமையை அரசியல் விடுதலைக்குப் பிறகு பார்க்கலாம் என்பதை அம்பேத்கர் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் பெரியார் காங்கிரசுக்காகச் சிறை சென்றவர். ஒவ்வொரு சமூகப் பிரிவுக்கும் அதற்குரிய பங்கு வேண்டும் என்ற வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தைக் காங்கிரஸ் ஏற்க மறுத்ததால் 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டை விட்டு வெளியேறினார். இவர்களைத் தேசத் துரோகிகள் என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்று கேட்டவர்கள் அவர்கள்.

எங்களுக்கு மிக நெருக்கமான உதாரணம் மலையகம். 1939இல் இலங்கை அரசு தன் திணைக்களங்களிலிருந்து இந்தியத் தொழிலாளரை நீக்கத் தொடங்கியபோது நேரு கொழும்புக்கு வந்தார். அவருடைய வருகையின்போதுதான், அந்த ஜூலையில், இலங்கை இந்திய காங்கிரஸ் உருவானது. தோட்டத் தொழிலாளர் இந்தியாவின் விடுதலையைத் தங்கள் விடுதலையாகவே நினைத்தார்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், 1948இல், அதன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வாக்குரிமையும் போனது. இலங்கை அரசு அவர்களை இந்தியர் என்றது. அவர்கள் தானாக இந்தியப் பிரஜைகளாகிவிட மாட்டார்கள், இலங்கையே பொறுப்பு என்று நேருவின் அரசு நின்றது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. பாதிக்கப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. இந்த நாட்டில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது.